உள்ளே விட்ட துணி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் சட்டைக்கு அளவு சொன்னாயே, தோள், கை, இடுப்பு, நீளம் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, மார்பளவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாய். முப்பத்தாறு என்றாய். நான் "என்ன?" என்றேன். "அதான் சொன்னேனே" என்று வைத்துவிட்டாய்.

கடைக்கு வந்ததும் உன் அளவுச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். போன தடவை நீ விட்டுப்போன நீலச் சட்டைதான். என் மெஷினுக்கு மேலே இருக்கிற ஆணியில் இன்னமும் தொங்குகிறது. அதில் மார்பு முப்பத்திரண்டு. மற்றதெல்லாம் நீ சொன்னதோடு நூல் பிசகாமல் ஒத்துப்போகிறது. மார்பு மட்டும் நாலு அங்குலம் கூடுமா?

கடையில் பட்டன் வைப்பவரை நாங்கள் பட்டன் அக்கா என்போம். யாருக்கென்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். "முழுகாம இருப்பாளோ என்னவோ" என்றார். அப்படியா அக்கா? அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன்னிடமே போனில் கேட்கலாமென்றால் போன் அம்மாவுடையது. நான் பேசும்போது பக்கத்தில் நின்று, நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். பதிலைக் கடை முகவரிக்கே போடு.

இன்னொன்று. மாஸ்டர் எனக்குக் கத்தரி கொடுத்திருக்கிறார். பொம்பளையை யாராவது மாஸ்டர் என்பார்களா என்று எவரோ சிரித்ததற்காகவே அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டவர் அவர். இதுநாள் வரைக்கும் வெட்டுகிற மேசைப் பக்கம் யாரையும் விட்டதில்லை. எனக்கு ஓரம் மடிப்பதும் கொக்கி வைப்பதும்தான் வேலை. போன வாரம் கூப்பிட்டு, "வாயில ஊசியைக் கவ்விக்கிட்டா பேச வேண்டாம்னுதானே நீ இந்த வேலைக்கு வந்தே? வெட்டும்போது வாய் சும்மாதான் இருக்கும். அப்பவாவது பேசு" என்று கத்தரியைக் கையில் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் வாங்கிக்கொண்டேன். "தைச்சது தப்புன்னா பிரிக்கலாம். வெட்டினது வெட்டினதுதான்" என்றும் சொன்னார்.

உன் நாத்தனார் கல்யாணத்துக்கு நீ போடப்போகிற சட்டையை நானே வெட்டப்போகிறேன். அதனால் சரியான அளவைச் சொல்லிவிடு.

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் முத்தம்.

உன்
பூனை


ஜூன் 13

அன்புள்ள பூனைக்கு,

கத்தரிக்காக முதலில் உன் கன்னத்தில் ஒன்று. சத்தம் போடாமலே காரியம் சாதிக்கிறவள் நீ. பூனை என்று சும்மாவா பெயர் வைத்தேன்?

முழுகாமலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பெற்றதே போதும் சாமி. அளவும் தப்பில்லை. அது இப்போதைய அளவில்லை, இனி வரப்போகிற அளவு.

புரியவில்லை, இல்லையா? மார்பில் சிலிக்கான் வைத்துக்கொள்ளப் போகிறேன். படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே. இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்து முடித்த பிறகு எனக்கு அங்கே ஒன்றுமே மிஞ்சவில்லை. சுருங்கிப்போன தோல்தான். உனக்குத்தான் தெரியுமே, என் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க மற்றவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டிக்கொண்டே இருக்கிறேன். "இந்த பிரேம் உங்களுக்கு எடுப்பா இருக்கு." சுற்றிலும் சுவரெல்லாம் கண்ணாடி. யாருக்கு எதை எடுத்துக் காட்டினாலும் பின்னால் நானும் தெரிகிறேன்.

டாக்டரம்மா ஒரு தட்டில் மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தார். கூழைப் பையில் அடைத்தது போல, கையில் எடுத்தால் கனமாக இருந்தது. உள்ளாடைக்குள் வைத்து, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள் என்றார். சின்ன அறை. எடைபார்க்கும் மெஷினுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் போய்ப் போய் வந்தேன். பூனை, சட்டை என்மேல் உட்கார்ந்தது. எத்தனையோ நாளாக என் சட்டைகளெல்லாம் ஆணியில் மாட்டினது போல என்மேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. திருப்பிக் கழற்றிக் கொடுக்க மனசே வரவில்லை.

பயமுறுத்த வேண்டியதையும் அவர் பயமுறுத்தினார். வைத்தது ஆயுளுக்கும் அப்படியே இருக்காதாம், பின்னால் மாற்ற வேண்டி வரலாமாம், தொட்டால் உணர்வு குறையலாமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஜூலைக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். செலவு என் சம்பளம், அதில் யாருக்கும் பேச்சில்லை.

ஒன்றுதான் பாக்கி. அதன் பிறகு கொஞ்ச நாள் கையைத் தூக்கக் கூடாது, பிள்ளைகளைத் தூக்கவே கூடாது. நீ வந்துவிடு. முன்பு வந்து இருந்தாயே, அதுபோல. சின்னவன் உன்னிடம்தான் படுத்துக்கொள்வான். கடையில் லீவு சொல்லிவிடு. மெஷின் எங்கே ஓடிவிடப் போகிறது? அம்மாவிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

கல்யாணம் செப்டம்பரில். முப்பத்தாறுக்கே வெட்டு.

உன்
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். கீழே போடவில்லை.

நீ சொன்ன குடலிறக்கத்தை அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எதிர்வீட்டு டிரைவர் மாமாவுக்கும் அதே ஆபரேஷன்தானாம். அவர் கட்டிக்கொண்டிருந்த பெல்ட்டை உனக்காகக் கேட்டு வாங்கி, துவைத்து, வாசல் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். "என் பொண்ணுக்கு இதே சைஸ் சரியா இருக்கும்" என்று அவரிடமே சொன்னாள். அவர் தொந்தியை நீ பார்த்திருக்கிறாய்.

எங்கள் கடைக்கு வங்கியில் வேலை பார்க்கிற பெண்மணி ஒருவர் வருவார். நீ செய்துகொள்ளப் போகிற ஆபரேஷனை அவர் செய்துகொண்டவர் என்று பட்டன் அக்கா என் காதில் சொன்னார். பழைய சட்டைகளையெல்லாம் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தார். போட்டுப்பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்து நின்றபோது தோளை நிமிர்த்திக்கொண்டார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று கேட்கலாமா? இது மாமாவுக்காகவா? உன் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா? அவருக்காக என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, அக்கா.

வருவதைப் பற்றி. முன்பு நான் வந்தது ஒன்பதாம் வகுப்புப் பாதியில். அரைப்பரீட்சைக்குள் திரும்பிவிடலாம் என்றாய். சின்னவன் குறைமாதத்தில் பிறந்தான். அவனை என் நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினேன். முழுப்பரீட்சையும் போனது. அதற்குப் பிறகு என்னைவிடச் சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார வெட்கமாக இருந்தது. நான்தான் போகவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவன் வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இப்போது கத்தரி இருக்கிறது. மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "போய்ட்டு வா. ஆனா இது கல்யாண நேரம். கத்தரி சும்மா கிடக்காதும்மா" என்றார். இஸ்திரி போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

மாமா லீவு போட முடியாதா? யோசித்துச் சொல்கிறேன்.

உன்
பூனை


ஜூன் 29

அன்புள்ள பூனைக்கு,

கத்தரி கைக்கு வந்ததும் உனக்கு நாக்கும் வந்துவிட்டது.

ஸ்கூலை விட்டுவிட்டு வா என்று நான் சொன்னேனா? அம்மா அனுப்பினாள், நீ வந்தாய். வரமாட்டேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாயில் ஊசிகூட இல்லையே. குறையாகச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு அத்தனையும் எழுதியிருக்கிறாய். சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். படித்திருந்தால் மட்டும் நீ என்ன டாக்டராகவா ஆகியிருப்பாய்? கணக்கில் நீ வாங்கின மார்க் எனக்குத் தெரியாதா?

மாமாவுக்காகவா என்று கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு, என் சட்டையெல்லாம் நனைந்துபோய் நின்றேன். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பெரியவள் என் சட்டைக்குள் கையை விட்டுப் பிடித்து இழுத்து, "பாட்டி, அம்மா பலூன்ல காத்து போயிடுச்சு" என்றாள். என் மாமியார் சிரித்தார். உன் மாமா சிரித்தார். "காத்தைக் குடிச்சவங்க நீங்க ரெண்டு பேரும்தானே" என்று பிள்ளையிடமே சொன்னார். மறுபடியும் சிரித்தார்கள். அது ஒன்றும் இல்லை, பூனை. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் பற்றி அவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. டிவியிலிருந்து திரும்பி, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "ரெண்டு பிள்ளையும் ஆச்சு. இனிமே யாருக்கு?"

எனக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என்னவோ கள்ளத்தனம் பண்ணி அகப்பட்டவள் மாதிரி நின்றேன். வேண்டும் என்றால் யாருக்காவது வேண்டும் என்றுதான் இருக்க வேண்டுமா? அவரும் யாருக்கு என்கிறார், நீயும் மாமாவுக்கா என்கிறாய். இந்த உடம்பில் எனக்கென்று ஒரு பங்கு உண்டு என்று உங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

அவர் லீவு போடமாட்டார். "உன் ஆசைக்கு நான் ஆபீஸ்ல என்ன காரணம் எழுதிக் கொடுக்கிறது?" என்கிறார். மாமியாருக்கு முழங்கால். உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை. வருகிறாயா இல்லையா, ஒரே வார்த்தையில் எழுது.

அம்மாவிடம் சொல்லி அந்தப் பெல்ட்டைக் கொடியிலிருந்து எடுக்கச் சொல். மானம் போகிறது.

உன்
அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கேட்டது தப்பு. மாமாவுக்காகவா என்று கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பலூன் கதையைப் படித்ததிலிருந்து கூடத்தில் நீ சிரித்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் தெரிகிறது. உனக்கு வேண்டும் என்றால் செய்துகொள். உண்மையாகவே சொல்கிறேன்.

கணக்கில் என் மார்க் நீ சொன்னதுதான்.

ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னாய். வரவில்லை.

அதற்கு மேல் நாலு வரி எழுதிக் கிழித்துவிட்டேன். காரணம் சொல்லச் சொல்ல அது வருகிறேன் என்று ஆகிவிடும்போல இருந்தது. எனக்கு அப்படித்தான் ஆகும், உனக்குத் தெரியும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அக்கா உடம்பு முடியாம கிடப்பா, உனக்குத் துணி வெட்டணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. தட்டை மட்டும் எனக்கு முன்னால் நகர்த்தி வைக்கிறாள்.

சட்டையை இதோடு அனுப்பியிருக்கிறேன். நானே வெட்டினேன். முதலில் முப்பத்தாறா முப்பத்திரண்டா என்று தெரியாமல் துணியை விரித்துப்போட்டு நின்றேன். பின்னால் துணி வாங்க வந்தவர்கள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மேசையை வாடகைக்கா எடுத்திருக்கே?" என்று மாஸ்டர் சத்தம் போட்டார். முப்பத்தாறுக்கே வெட்டினேன். முப்பத்தாறுக்கே தைத்தேன். அந்தத் தையலுக்கு உள்ளே முப்பத்திரண்டுக்கு இன்னொரு தையல் ஓட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் ஒவ்வோர் அங்குலம் துணி உள்ளேயே இருக்கிறது.

உள்ளே துணி விடாமல் எங்கள் கடையில் யாருக்கும் தைப்பதில்லை. உடம்பு இன்றைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்காது என்பார் மாஸ்டர். ஆனால் இவ்வளவு யாருக்கும் விட்டதில்லை. "இதென்ன சட்டையா, பெட்டியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே மடித்து வைத்தேன்.

அந்த உள்தையல் தளர்வானது, அக்கா. உருவுவதற்கென்றே போட்டது. ஊசி முனையால் ஒரு கண்ணியைத் தூக்கி இழுத்தால் முழுதும் வந்துவிடும். அப்புறம் சட்டை முப்பத்தாறு ஆகிவிடும். ஆபரேஷன் ஆன பிறகு இழுத்துக்கொள். அதுவரைக்கும் அப்படியே போடலாம்.

பிள்ளைகளைத் தூக்க ஆள் கிடைக்கும். கேட்டுப்பார். கடையில் கூட வேலை செய்கிறவர்கள் இருப்பார்களே.

உன்
பூனை


செப்டம்பர் 16

தங்கைக்கு,

கல்யாணம் முடிந்தது. உன் சட்டையைத்தான் போட்டேன். அப்படியேதான் போட்டேன். நூலை இழுக்க வேண்டி வரவில்லை.

ஜூலைத் தேதியை ஆகஸ்டுக்கு மாற்றினேன், ஆகஸ்டிலிருந்து செப்டம்பருக்கு. அந்த ஆஸ்பத்திரிப் பெண் போனில் "வர்றீங்களா மேடம், வேற ஆளுக்குக் கொடுத்துடலாமா?" என்று கேட்டாள். சின்னவன் அப்போது என் இடுப்பில் இருந்தான். கொடுத்துவிடுங்கள் என்றேன். இங்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் பிள்ளைகளைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர்களைக் கேள் என்று எழுதியிருந்தாய். கேட்டிருக்கலாம். எதற்கு ஆபரேஷன் என்று அவர்கள் கேட்டால், எந்தச் சுவரைப் பார்த்து நின்று சொல்வேன்? எல்லாச் சுவரும் கண்ணாடி.

கல்யாணத்தில் நாலு பேர் கேட்டார்கள். "சட்டை அளவெடுத்த மாதிரி இருக்கே, யார் தைச்சது?" தங்கை என்றேன். உன் மாமாகூடத் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லையே, இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றார். இதுவே என்றார். எல்லாரையும் போல நானும் கண்ணாடியில் பார்த்தேன். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. அது எனக்குப் பொருந்தியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் இப்படியேதான் இருக்கப் போகிறேன் என்று எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது.

துணியில் எனக்கு இடம் விட்டாய். நல்ல மனசு. வருவதற்கு மட்டும் உனக்கு இடமில்லை.

நடந்து வரும்போதெல்லாம் அந்த மிச்சத் துணி விலாவில் உரசிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் காகிதம் வெட்டும் கத்தரியால் அதை நறுக்கி எடுத்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். உன்னுடையது, நீயே வைத்துக்கொள்.

இனி எனக்கு எதுவும் தைக்காதே.

அக்கா


செப்டம்பர் 24

அக்காவுக்கு,

கவரைப் பிரித்ததும் முதலில் நூல்தான் தெரிந்தது. இரண்டு துண்டுகள். ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. ஆனால் முப்பத்தாறுக்கு நான் போட்ட தையல் அப்படியே இருக்கிறது. முன்துணியையும் பின்துணியையும் இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.

அதனால் ஒன்று சொல்ல வேண்டும். கெட்டித் தையலை நீ வெட்டி அனுப்பிவிட்டாய். இப்போது உன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது உருவுவதற்காக நான் போட்ட தையல் மட்டும்தான். அது நிற்காது. ஒரு துவைப்பிலோ, சின்னவனைத் தூக்கக் கையை நீட்டும்போதோ பக்கவாட்டில் விட்டுவிடும். துணியும் இனி இல்லை, விட்டால் ஒட்ட வைக்க முடியாது. அங்கே யாரிடமாவது கொடுத்து நெருக்கித் தைத்துக்கொள். என்னிடம் அனுப்பாதே. தைக்காதே என்று நீ எழுதியதற்காகச் சொல்கிறேன்.

நீ இப்படியே இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முப்பத்தாறுக்கு வெட்டியிருக்க மாட்டேன். நீ நம்பமாட்டாய்.

உன் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள். குடல் தானாகவே சரியாகிவிட்டதாம் என்றேன். "பாரு, நான் வேண்டினது வீண்போகல" என்றாள். பெல்ட்டை டிரைவர் மாமாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது மாஸ்டர் மேசையிலிருந்து கூப்பிட்டார். வருகிறேன் என்றேன். மெஷின் மேலே ஏறி உன் அளவுச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தேன். உதறினேன். தோளில் ஆணித் துரு பட்டிருந்தது, துடைத்தேன், போகவில்லை. மடித்து, அந்த இரண்டு துண்டுகளையும் நடுவில் வைத்து, காகிதம் சுற்றிக் கட்டினேன். இந்தக் கடிதத்தோடு வரும்.

பிறகு மேசைக்குப் போய் வெட்டி முடித்துவிட்டு, என் கத்தரியை அந்த ஆணியில் மாட்டினேன்.

தங்கை